மாடி விடுதியும் நாற்சார் வீடும்



"யாழ்ப்பாணத்துக்கு வருகிறோம், எங்கே தங்கலாம்?" என்ற கேள்வியை இப்பொழுது அடிக்கடி கேட்கிறேன். ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் கேட்கிறார்கள், கொழும்பிலிருந்தும் கேட்கிறார்கள். நகரின் நடுவே குளிரூட்டிய அறைகளும் மின்தூக்கியும் உடைய மாடி விடுதி ஒருபுறம். ஒழுங்கையின் உள்ளே முற்றமும் தூணுமாய் நிற்கும் பழைய வீட்டை விருந்தினருக்காகத் திறந்துவைத்த தங்குமனை மறுபுறம். இரண்டில் எது நல்லது? சிறிய கேள்விதான். ஆனால் இதற்கு விடை சொல்லப் புகுந்த நான் ஒருமுறை பெரிய தவறொன்று செய்தேன். அதை இன்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். அதற்குமுன், இக்கேள்வி எப்படித் தோன்றியது என்பதைச் சற்றுப் பார்ப்போம்.

எங்கள் இளமைக்காலத்தில் இக்கேள்விக்கே இடமில்லை. யாழ்ப்பாணத்துக்கு வருபவர் உறவினர் வீட்டில் தங்குவார். மாமன் வீடு, சிற்றன்னை வீடு, அதுவும் இல்லையேல் தூரத்து உறவு ஒன்றேனும் இருக்கும். ஊரில் உறவை வைத்துக்கொண்டு பட்டினத்தில் வாடகை அறையில் தங்கினார் என்றால் அது அந்த உறவுக்குச் செய்த அவமதிப்பு. பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்களும் உண்டு. "ஹோட்டல்" என்ற சொல்லுக்கு எங்கள் ஊரில் சோறும் தேநீரும் விற்கும் கடை என்பதே பொருளாக இருந்ததும் இதனாலேயே.

உறவில்லாத வழிப்போக்கனுக்கு மடம் இருந்தது. யாழ்ப்பாணத்துப் பழைய வீதிகளில் மடம், கேணி, சுமைதாங்கி, ஆவுரஞ்சிக்கல் என்னும் நான்கும் ஒன்றையொன்று ஒட்டியே காணப்படும். மனிதனுக்கு மடம், அவன் தலைச்சுமைக்குச் சுமைதாங்கி, வண்டி மாட்டுக்கு நீர் குடிக்கக் கேணி, அது உடம்பு உராய்ந்து தினவு தீர்த்துக்கொள்ள ஆவுரஞ்சிக்கல். பருத்தித்துறையிலே தெருமூடி மடம் இன்றும் இருக்கிறது. வீதி அதன் ஊடாகவே செல்கிறது. மேலே கூரை, இருமருங்கும் தூண்கள் தாங்கிய உயர்ந்த திண்ணைகள். நடந்து வருபவன் வழியை விட்டு விலக வேண்டியதில்லை. நிழல் வழிமேலேயே வந்து நிற்கிறது. கோவில்களைச் சார்ந்த மடங்களோ இன்றும் உயிரோடு இருக்கின்றன. தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலும், நயினாதீவின் அமுதசுரபி அன்னதான மடத்திலும் பசித்து வருவோர்க்கு உணவு கிடைக்கிறது. யாழ்ப்பாணத்தவர் கடல் கடந்து சிதம்பரத்திலும் மடம் கண்டனர்; திருநெல்வேலியிலிருந்து சென்ற ஞானப்பிரகாச முனிவரின் பெயரால் அங்கே மடமும் குளமும் உள்ளன.

தனி வீட்டுக்காரரும் வழிப்போக்கனை மறக்கவில்லை. வீட்டு வாயிலிலே கூரை வேய்ந்த சங்கடப்படலை அமைத்து, இருபுறமும் இருக்கைத் திண்ணை கட்டி, மண்பானையில் தண்ணீர் வைத்தனர். வருபவன் படலையைத் திறந்து உள்ளே வரவேண்டியதில்லை. வீட்டார் எழுந்து போகவேண்டியதுமில்லை. அந்நியனுக்கும் வீட்டுக்கும் இடையே நிழலான எல்லை ஒன்று இருந்தது.

அரசாங்க உத்தியோகத்தருக்கு மட்டும் வேறு ஏற்பாடு. அவர்களுக்கு வாடிவீடுகள் இருந்தன. ஆனையிறவு வாடிவீடு ஒல்லாந்தர் கட்டிய சிறு கோட்டையிலேயே அமைந்திருந்தது. ஏரியைப் பார்த்தபடி அங்கே இளைப்பாறிய பிரயாணிகள் எத்தனையோ பேர். 1905 ஆம் ஆண்டு சனவரியில் இளம் உத்தியோகத்தராக யாழ்ப்பாணம் வந்த லெனாட் வூல்ஃப், அனுராதபுரத்துக்கு அப்பால் ஆனையிறவு வரை இருப்புப்பாதை முடியாதிருந்த காரணத்தால், தபால் ஏற்றிய மாட்டுவண்டியிலே காட்டைக் கடந்தார். யாழ்ப்பாணக் கோட்டையின் மதில்மேல் இருந்த பங்களாவில் வாழ்ந்தார். அதே ஆண்டில் பாதை முழுமை பெற்றது. 1956 இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியதும் கொழும்பு ஒருநாட் பயணமாயிற்று. வந்திறங்குவோர் தொகை பெருகிற்று. ஆயினும் அவர்கள் போய்ச் சேர்ந்த இடம் உறவினர் வீடுதான்.

அந்த வழக்கத்தை முறித்தது யுத்தம். 1990 இல் புகையிரதம் நின்றது. வலிகாமம் வடக்கின் ஊர்கள் வெறுமையாயின. 1995 ஒக்டோபர் இறுதியில் குடாநாட்டின் பெரும்பகுதி மக்கள் ஒரே இரவில் பெயர்ந்து சென்றனர். 2009 மே மாதத்தில் போர் முடிந்தபோது, ஒவ்வொரு குடும்பமும் நான்கு நாடுகளில் சிதறியிருந்தது. 2014 ஒக்டோபரில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாண நிலையத்துக்கு வந்தது; 2019 இல் பலாலியிலிருந்து சர்வதேச விமான சேவையும் தொடங்கிற்று. வருவோர் வந்தனர், ஆனால் மாமன் வீட்டில் மாமன் இல்லை. சிற்றன்னை வீட்டுக்குக் கூரை இல்லை. எனவே விடுதிகள் எழுந்தன. 2016 இல் மகாத்மா காந்தி வீதியிலே ஜெட்விங் நிறுவனத்தார் ஏழு மாடி விடுதியைத் திறந்தனர். வேறு பலவும் தொடர்ந்தன. இவற்றை ஆடம்பரம் என்று பழிப்போர் உண்டு. உறவினரை இழந்த ஊர், வருபவனுக்குப் படுக்கை தருவதற்கு வேறு வழி என்ன கண்டது என்று நான் அவர்களைக் கேட்பதுண்டு.

மறுபுறத்தில் நாற்சார் வீடு. நேயர்களிற் பலர் அதிற் பிறந்திருப்பீர்கள். நடுவே வானம் பார்த்த முற்றம், நாற்புறமும் தாழ்வாரம், அதைச் சூழ அறைகள். சுண்ணாம்புக் கல்லாலும் சாந்தாலும் தடித்து எழுந்த சுவர் பகல் வெப்பத்தை உள்ளே விடாது. வைரம் பாய்ந்த பனைமரம் கூரையைத் தாங்கும். சூடேறிய காற்று முற்றத்தின் வழியே மேலெழ, குளிர்ந்த காற்று தலைவாசல் வழியே உள்ளே வரும். மழை பெய்தால் நான்கு கூரைகளின் நீரும் முற்றத்தில் விழுந்து, அங்கிருந்து வாய்க்கால் வழியே வெளியேறும். பிள்ளைகள் அதிலே காகிதக் கப்பல் விடுவார்கள்.

இவ்வீடுகள் இன்று அழிந்து வருகின்றன. ஷெல் விழுந்து சிதைந்தவை பல. சிதையாது தப்பியவற்றை வழக்கு அழிக்கிறது. எங்கள் தேசவழமையில் வீடும் வளவும் பெரும்பாலும் சீதனமாகப் பெண்மக்களைச் சேரும். 1707 இல் ஒல்லாந்தர் எழுதிவைத்த சட்டத்தொகுப்பிலும் இவ்வழக்கம் இடம்பெற்றது. சீதனமாகப் பெற்றவள் இறந்தபின் அவள் பிள்ளைகள் ஐவர். அவர்களின் பிள்ளைகள் பதினைவர். அவர்கள் இருப்பது கனடா, நோர்வே, அவுஸ்திரேலியா. பதினைந்து கையொப்பம் சேராத காரணத்தால் ஓடு மாற்றப்படாமல் வளை உக்கிப்போகிறது. கையொப்பம் சேர்ந்தாலோ, வீடு விற்கப்பட்டு இடிக்கப்பட்டுச் சீமெந்து மாடி எழுகிறது. இந்நிலையில், பழைய வீடொன்றை வாங்கியோ குத்தகைக்கு எடுத்தோ தங்குமனையாக்குபவர், தம்மை அறியாமலே ஒரு கலைக்கூடத்தைக் காக்கிறார். அங்கே ஓரிரவு தங்குபவர் கொடுக்கும் வாடகையில் ஓர் ஓடாவது மாற்றப்படும்.

நீரையும் நினைக்க வேண்டும். ஆண்டு முழுதும் ஓடும் ஆறு எங்கள் குடாநாட்டில் இல்லை. வாடைக் காற்றோடு வரும் மாரி மழை சுண்ணாம்புக் கல்லின் துவாரங்களில் இறங்கித் தங்குவதே எங்கள் கிணற்று நீர். அளவுக்கு மீறி இறைத்தால் கீழிருக்கும் உவர்நீர் மேலே வரும். ஆகவே தங்குமிடம் பெரிதோ சிறிதோ, நீரை எப்படிச் செலவிடுகிறது என்று பார்த்தே அதை மதிக்க வேண்டும்.

இவ்வளவும் சொல்லி, "ஆதலால் பழைய வீட்டையே தேர்ந்தெடுங்கள்" என்று முடிப்பதே என் வழக்கமாக இருந்தது. அப்படித்தான் என் பள்ளித் தோழர் ஒருவருக்கும் சொன்னேன்.

அவரும் நானும் வலிகாமத்துப் பாடசாலை ஒன்றில் ஒரே வகுப்பிற் படித்தோம். அவர் பின்னர் ஐரோப்பாவில் குடியேறி, நாற்பது ஆண்டுகளாக ஊர் பாராதவர். மனைவி காலமான பின் ஒருமுறை வந்து பார்த்துப்போக எண்ணினார். தொலைபேசியில் என்னிடம், "எங்கே தங்கலாம்?" என்று கேட்டார். நான் மகிழ்ச்சியோடு, எங்கள் ஊரிலேயே உள்ள ஒரு நாற்சார் வீட்டைச் சொன்னேன். அது ஒருகாலத்தில் என் உறவினருடையது. கைமாறி, செப்பனிடப்பெற்று, விருந்தினர் தங்கும் மனையாகியிருந்தது. "நாங்கள் விளையாடிய ஒழுங்கைதான். முகப்பிலே அந்தச் சங்கடப்படலையும் அப்படியே இருக்கிறது" என்றேன்.

மறுமுனையில் சற்றுநேரம் பேச்சில்லை. பிறகு அவர் அமைதியாகச் சொன்னார்: "அந்த வீட்டின் பின்படலைதான் எனக்குத் தெரியும். முன்படலை எப்படியிருக்கும் என்று நீர்தான் சொல்லவேண்டும்."

நேயர்களே, எனக்கு அப்பொழுதுதான் உறைத்தது. அவருடைய தந்தையார் அவ்வளவில் ஆண்டுதோறும் வேலி அடைத்தவர். கிணற்றடியில் தாமாக நீர் அள்ள அவருக்கு அனுமதி இருந்ததில்லை. யாராவது வந்து வார்க்கும்வரை நின்றார். குடிக்கக் கொடுத்தது சிரட்டையில். தாழ்வாரத்தில் அவர் கால் பட்டதில்லை. நான் அவற்றைக் கண்டவன். கண்டும், எழுபது வயதுக்குப் பின்னர், அவருடைய மகனுக்கு அவ்வீட்டின் அழகை வருணித்தவன்.

நாம் பெருமையோடு பேசும் விருந்தோம்பலின் மறுபக்கம் இது. வழிப்போக்கனுக்கென்று கட்டிய மடங்களும் திண்ணைகளும் எல்லா வழிப்போக்கருக்கும் திறந்திருக்கவில்லை. தேநீர்க் கடைகளிலேகூட ஒரு சாராருக்குக் கிளாசில் தேநீர் கிடைத்தது. மற்றொரு சாராருக்குப் போத்தலிலும் தகரப் பேணியிலும். 1950 களில் சிறுபான்மைத் தமிழர் மகாசபையார் தேநீர்க் கடைகளுக்குள் நுழைந்து ஒரே கிளாசு கேட்டனர். 1957 இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. சட்டம் வந்தும் வழக்கம் மாறவில்லை. 1966 இல் சுன்னாகத்தில் எழுச்சி ஊர்வலம் புறப்பட்டது. 1968 இல் மாவிட்டபுரத்துக் கோவில் வாயிலில் மக்கள் உட்பிரவேசத்துக்காகக் காத்து நின்றனர். அக்காலத்தில் என் தோழருக்கும் எனக்கும் பதினெட்டு வயது. அவர் அங்கே போய் நின்றார். நான் வீட்டிலிருந்து பரீட்சைக்குப் படித்தேன்.

பழந்தமிழில் விருந்து என்ற சொல்லுக்குப் புதுமை என்பது பொருள். முன்பின் அறியாத புதியவனே விருந்தினன், உறவினன் அல்லன். அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், உறவினர் வீட்டில் உறவினர் தங்கிய எங்கள் பழைய வழக்கம் பாசமே தவிர, முழுமையான விருந்தோம்பல் அன்று. பெயரும் ஊரும் குலமும் கேளாமல், வாடகையை மட்டும் கேட்டு, திறவுகோலைக் கையில் தரும் மாடி விடுதி அந்த ஒரு விடயத்தில் எங்கள் மூதாதையரின் திண்ணையைவிட ஒரு படி உயர்ந்தே நிற்கிறது. காசு இல்லாதவனுக்கு அங்கே இடமில்லை என்பதும் உண்மை. மடம் காசு கேட்டதில்லை, பிறப்பைக் கேட்டது. விடுதி பிறப்பைக் கேட்பதில்லை; காசைக் கேட்கிறது.

தோழர் நகரத்து மாடி விடுதியிலேயே அறை எடுத்தார். வந்த மறுநாள் என்னை அங்கே அழைத்தார். மேல்மாடியில் இருந்தோம். தென்புறம் கோட்டை, அதற்கு இப்பால், 1981 இல் எரிந்து மீண்டும் எழுந்த நூலகத்தின் வெண்ணிறக் குவிமாடம், அப்பால் பண்ணைக் கடல், தீவுகளுக்குச் செல்லும் பாலம். மறுபுறம் திரும்பினால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை பனையின் தலைகள். "நாங்கள் பனையை எப்பொழுதும் கீழே நின்றல்லவா பார்த்தோம்!" என்றார். உண்மைதான். கோவிற் கோபுரங்களையும் மணிக்கூட்டுக் கோபுரத்தையும் விட்டால், எங்கள் இளமையில் பனைக்கு நிகராக நின்ற கட்டடம் யாழ்ப்பாணத்தில் எது? இங்கே பிறந்து வளர்ந்த நாங்கள் இருவரும் எங்கள் ஊரை முழுமையாகப் பார்த்தது அன்றுதான்.

நான்காம் நாள் அவராகவே கேட்டார்: "அந்த வீட்டில் ஓரிரவு தங்கிப் பார்க்கலாமா?"

மாலையில் போனோம். முன்படலையால் உள்ளே சென்றோம். தாழ்வாரத்துச் சாய்மனைக் கதிரைகளில் எங்களை இருத்தினார்கள். வன்னியிலிருந்து வந்து அங்கே வேலை செய்யும் இளம்பெண் ஒருத்தி, துலக்கிய மூக்குப்பேணி இரண்டில் தண்ணீர் கொண்டுவந்து, "குடியுங்கோ ஐயா" என்று நீட்டினாள். வெளிநாட்டார் விரும்புவர் என்பதற்காக அங்கே அவ்வாறு கொடுக்கும் ஏற்பாடு. மூக்குப்பேணியை நீங்கள் அறிவீர்கள். அதன் மூக்கு, உதடு படாமல் அண்ணாந்து குடிப்பதற்காக அமைந்தது. எச்சில் படலாகாது என்ற ஆசாரமே அதன் வடிவம்.

தோழர் அதைக் கையில் வாங்கிச் சற்றுநேரம் பார்த்தார். பிறகு அதன் மூக்கிலே வாயை வைத்து, முழுவதையும் குடித்து முடித்தார். "நல்ல தண்ணீர், பிள்ளை" என்று சொல்லிப் பேணியைத் திருப்பிக் கொடுத்தார். அந்தப் பெண் ஒன்றும் அறியாதவளாய் வாங்கிக்கொண்டு போனாள். நான் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாட் காலை, இரண்டில் எது அவருக்குப் பிடித்தது என்று கேட்டேன். "அங்கே என்னை யாரென்று ஒருவரும் கேட்கவில்லை, அது ஒரு சுகம். இங்கேயும் ஒருவரும் கேட்கவில்லை, அது வேறு சுகம்" என்றார். பிறகு, இரவு முற்றத்தில் நிலா விழுந்ததைப் பற்றிப் பேசினார். "அப்புவுக்குக் காட்டியிருக்கலாம்" என்றார்.

இனி, என்னிடம் கேட்போருக்கு நான் சொல்வது இதுதான். முதியோரையோ நோயாளரையோ அழைத்து வருபவர் நகரத்து விடுதியிலே தங்குக. மின்தூக்கி உண்டு, யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையும் அருகில். உயர்ந்த வாசற்படியும் தொலைவான குளியலறையும் முதியவருக்கு அழகல்ல, ஆபத்து. நல்லூர்த் திருவிழா நடைபெறும் இருபத்தைந்து நாட்களில் வருவோர், எவ்விடமாயினும் முன்கூட்டியே ஒழுங்கு செய்க. உடல்நலமும் ஓரளவு பொறுமையும் உள்ளவர், இரண்டிரவாவது பழைய வீட்டில் தங்குக. எங்கள் கட்டடக் கலை உயிரோடு இருக்க அது ஓர் உதவி.

ஆனால் பழைய இடம் எதுவாயினும் அதன் கதையையும் கேட்டறிந்து தங்குங்கள். காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே, நடுக்கடலில் உள்ள ஹமன்ஹீல் கோட்டையில் இப்பொழுது கடற்படையினர் விடுதி நடத்துகின்றனர். போர்த்துக்கேயர் கட்டி, 1658 இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டை அது. பிற்காலத்தில் சிறைச்சாலையாகவும் இருந்தது. இன்று அலையோசை கேட்டு உறங்குபவர், அதே ஓசையைக் கேட்டு உறங்காதிருந்தவர்களையும் ஒருகணம் நினைத்தல் முறையன்றோ? பழைய இடங்களில் தங்குவதன் பயன், பழமையின் அழகை மட்டும் கண்டு வருவதன்று.

பழைய வீடுகளைச் செப்பனிடுகின்ற அன்பர்களுக்கும் ஒரு சொல். தூணையும் வளையையும் முன்போலவே வையுங்கள். சுண்ணாம்பைச் சுண்ணாம்பாலேயே பூசுங்கள். முற்றத்தை மூடிவிடாதீர்கள். ஆனால் படலையை மட்டும் முன்போல் வைக்க வேண்டாம். அது முன்னைவிட அகலமாகத் திறக்கட்டும். பின்வழியால் வந்து போனவர்களின் பேரப்பிள்ளைகள் முன்வழியால் வந்து, தாழ்வாரத்தில் அமர்ந்து, தண்ணீர் வாங்கிக் குடிக்கும் நாளிலேதான் அவ்வீடு முழுமையாகச் செப்பனிடப்பெற்றதாகும்.